வில்லீஸ் பிக்கப்புக்கு உதிரிபாகம் தேடிய 14 மாதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கம்பத்தில் ஜீப் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊரிலிருந்தும் கூடலூர், போடியிலிருந்தும் விடியற்காலையில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளம் ஏறுகிற ஜீப்புகளை நம்பித்தான் இந்தக் கடை நடக்கிறது. மாலையில் அந்த வண்டிகள் இறங்கும்போது எதன் பிரேக் தேய்ந்திருக்கிறது, எதன் கமான் பட்டை உடைந்திருக்கிறது என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும். ஜீப்பு விஷயத்தில் எனக்குத் தெரியாதது இல்லை என்று ஒரு நினைப்பு இருந்தது. இங்கே எழுதப்போகும் வேலையில் முதல் தவறைச் செய்ததும் அந்த நினைப்புதான்.

வண்டி, அமெரிக்காவின் வில்லீஸ் கம்பெனி செய்த 1954 மாடல் பிக்கப். நான்கு சக்கரமும் இழுக்கும். குமுளிக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துடையது. பூர்வீகம் கம்பம் பக்கம் என்றாலும் மூன்று தலைமுறையாக மலையில்தான் குடியிருக்கிறார்கள். வீட்டுப் பெரியவர் 1967இல் ஒரு தேயிலை எஸ்டேட்டிடமிருந்து இதைப் பழைய வண்டியாக வாங்கினார். எண் கே.எல்.கே. என்று தொடங்கும். இடுக்கி மாவட்டம் பிறந்ததே 1972இல்தான். அதுவரை பீர்மேடு தாலுகா கோட்டயத்தோடு இருந்ததால் குமுளி வண்டிக்கும் கோட்டயத்து எண்தான். இன்றைக்கு அந்தப் பக்கம் ஓடுவது கே.எல். 37. பழைய ஆர்.சி. புத்தகத்தைப் பெரியவர் பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வைத்திருந்தார். அது பின்னால் எவ்வளவு உதவும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

2004 வரை ஓடிய வண்டி அதற்குப் பிறகு ஏலக்காய் உலர்த்தும் கொட்டகைக்குப் பக்கத்தில், தகரக் கூரையின் கீழ் நின்றுவிட்டது. கூரையில் ஓட்டை. அந்த மழையைப் பற்றி மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2022 கடைசியில் பெரியவரின் பேரன், வெளியூரில் கணினி வேலை பார்ப்பவர், தாத்தா இருக்கும்போதே வண்டியை ஓட வைக்க வேண்டும் என்று கிளம்பினார். எஞ்சின் வேலை கம்பத்தில் ஒரு பழைய மேஸ்திரியிடம். தகடு வேலை குமுளியில் ஒரு மலையாளி டிங்கரிடம். சாமான் தேடும் பொறுப்பு என்னிடம்.

முதல் நாள் பார்த்தது

சேஸிஸ் நன்றாக இருந்தது. சுத்தியலால் தட்டிக்கொண்டே போனோம்; எங்கேயும் மொக்கைச் சத்தம் வரவில்லை. கேபினின் தரை இல்லை, கீழே மண் தெரிந்தது. இடது முன் மட்கார்டின் கீழ்ப்பாதி அப்பளம்போல் கையோடு வந்தது. வலது மட்கார்டு ஓரளவு முழுசாக இருந்தது. முன் கண்ணாடி இரண்டு துண்டில் ஒன்று உடைந்திருந்தது. பின் தொட்டியின் கதவில் 'வில்லீஸ்' என்று புடைத்த எழுத்து, துரு ஏறியும் படிக்கிற மாதிரி இருந்தது.

எஞ்சின் இறுகிப் போயிருந்தது. கிராங்க் கம்பி போட்டுத் திருப்பினால் வண்டிதான் ஆடியது. கம்பெனி போட்ட கார்ட்டர் கார்பரேட்டர் இல்லை. யாரோ எப்போதோ சோலெக்ஸ் மாட்டியிருந்தார்கள்.

அன்றே ஒரு சின்ன விபத்து. சக்கரம் கழற்றுகிற பையன் இடது பக்க நட்டை வழக்கம்போல் இடப்புறமாகத் திருப்பினான். வரவில்லை. பைப்பு போட்டு ஏறி மிதித்தான். இரண்டு போல்ட் முறிந்தது. அந்தக் காலத்து வில்லீஸ் வண்டிகளில் இடது பக்கச் சக்கரத்துக்கு மரை எதிர்த்திசை. ஓடும்போது நட்டு தானாகக் கழலாமல் இருக்க அப்படி வைத்தார்கள். மேஸ்திரிக்கு அது தெரியும், ஆனால் அவர் அப்போது டீ குடிக்கப் போயிருந்தார்.

டீசலா பெட்ரோலா

எதைத் தேடுவது என்று முடிவு செய்ய முதலில் எஞ்சின் விஷயம் தெளிவாக வேண்டும். பெரியவரின் மகன், இப்போது தோட்டத்தைப் பார்ப்பவர், மாட்டடார் வேனின் டீசல் எஞ்சினை ஏற்றிவிடலாம் என்றார். மலையில் அது சாதாரணம். ஓட்டச் செலவு குறையும், சாமான் எங்கும் கிடைக்கும், ஏற்றத்தில் இழுக்கும். என் கடைக் கணக்கைப் பார்த்தால் எனக்கும் அதில்தான் சௌகரியம்.

பேரன் சட்டத்தைக் கொண்டுவந்தார். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனிப் பகுதி சேர்த்திருக்கிறார்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய இருசக்கர, நான்குசக்கர வண்டிகள் அதில் வரும். சொந்த உபயோகத்துக்காக இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவத்தில் இருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், சான்று 10 ஆண்டுக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம், பெட்ரோல் போட, பழுது பார்க்க, இவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம்.

டீசல் ஏற்றினால் இந்த வழி அடைபடும். பெட்ரோலே வைத்தால் தோட்ட வேலைக்கு வண்டி உதவாது. அப்பாவும் மகனும் இரண்டு வாரம் பேசிக்கொள்ளவில்லை என்று கேள்வி. கடைசியில் பெரியவரிடம் கேட்டார்கள். “ஏலமூட்டை சுமக்க வேற வண்டி நிக்குதுல்ல. இதுக்கு எதுக்குப்பா இன்னொருத்தன் நெஞ்சு?” என்றாராம். பெட்ரோல் என்று முடிவாயிற்று.

உண்மையில் இந்த முடிவுதான் தேடலைச் சுலபமாக்கியது. இந்த பிக்கப்பில் இருப்பது ஹரிகேன் என்ற நான்கு சிலிண்டர் எஞ்சின், 134 கன அங்குலம், நம் கணக்கில் சுமார் 2,200 சி.சி. இதே எஞ்சினைத்தான் மஹிந்திரா சிஜே-3பி ஜீப்பில் பல பத்தாண்டு இந்தியாவிலேயே செய்து தள்ளியது. அந்த ஜீப்பின் பானெட் உயரமாக இருப்பதற்கே இந்த எஞ்சினின் உயரம்தான் காரணம். மூன்று கியர் பெட்டியும், நான்கு சக்கரத்துக்கும் விசை பிரிக்கிற பெட்டியும் அதே வகை. ஆக அமெரிக்க வண்டிக்குப் பாதிச் சாமான் என் கடைப் பரணிலேயே கிடந்தது.

என் தவறு: பெயரை நம்பியது

பாதி என்றேன். மறுபாதியையும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

எஞ்சின் ஜீப்போடு ஒத்துப்போகிறது என்று தெரிந்த உற்சாகத்தில், பிரேக் ஷூ நான்கு சக்கரத்துக்கும், வீல் சிலிண்டர் கிட்டு, பின் ஆக்சில் சீல், எல்லாவற்றையும் ‘வில்லீஸ் ஃபோர் வீல்’ என்று சொல்லி மொத்தக் கடையில் ஆர்டர் போட்டேன். அளக்கவில்லை. சாமான் வந்ததும் டிரம்முக்குள் ஷூவை வைத்துப் பார்த்த மேஸ்திரி, “அண்ணே, இது குழந்தைச் செருப்பு” என்றார். சிஜே ஜீப்புக்கு 9 அங்குல டிரம். பிக்கப்புக்கு 11 அங்குலம். 80 அங்குல வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம்) ஜீப்பும் 118 அங்குல வீல்பேஸ் பிக்கப்பும் ஒரே பிரேக்கில் நிற்காது என்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. பின் ஆக்சிலும் வேறு. ஜீப்பில் ஒரே வார்ப்பாக இருக்கும் கூடு. இதில் சிப்பிபோல் இரண்டு பாதியாகப் பிரிகிற டிம்கன் ஆக்சில். சீல் சேரவில்லை.

அனுப்பிய கடையில் திருப்பி எடுக்க மறுத்தார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. பணம் என்னுடையது போயிற்று, குடும்பத்திடம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் முறையாக ஒரு நோட்டுப் போட்டேன். ஒவ்வொரு பாகமும் கழன்று வரும்போது வெர்னியர் வைத்து அளந்து, எண் ஏதும் பொறித்திருந்தால் குறித்து, ஜீப்போடு பொதுவா, அளவு பார்த்து வேறு வண்டியிலிருந்து எடுக்கலாமா, செய்யத்தான் வேண்டுமா என்று மூன்று பத்தியாக எழுதினேன். நடுப் பத்திதான் நினைத்ததைவிட நீளமாகப் போனது. பேரிங் அதில் முதல். பேரிங் வளையத்தில் பொறித்த எண்ணுக்கு எந்த நாட்டு வண்டி என்ற கவலை இல்லை. துருவைச் சுரண்டி எண்ணை எழுதிக்கொண்டு மதுரையில் ஒரு பேரிங் கடையில் நீட்டினேன், ஒன்றைத் தவிர எல்லாம் அன்றைக்கே கிடைத்தது. ஆயில் சீலும் அப்படித்தான்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், இந்த மூன்றும் போதும். பிரேக் சிலிண்டரின் ரப்பர் கப் துளை விட்டத்தை வைத்து விற்கப்படுவது. முன் விளக்கு 7 அங்குல வட்டம், புல்லட்டுக்கும் அதேதான்.

போல்ட் நட்டு மட்டும் எதிர்பாராத தலைவலி. வண்டி முழுக்க அங்குல மரை. இப்போது கடைகளில் இருப்பதெல்லாம் மில்லிமீட்டர். முன்பு யாரோ இரண்டு இடத்தில் மில்லிமீட்டர் போல்ட்டை முறுக்கி ஏற்றி மரையைக் கெடுத்திருந்தார்கள். நல்ல போல்ட் ஒன்றுகூட வீணாகாமல் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்து, எந்த இடத்தது என்று எழுதி டப்பாவில் போட்டோம். இது மேஸ்திரியின் பிடிவாதம், நான் சலித்துக்கொண்டேன்.

காயலாங்கடைக்குப் போன தகடுகள்

மூன்றாவது மாதம் நடந்தது இது. இந்த வேலையில் பெரிய நஷ்டம் இதுதான்.

குமுளியில் டிங்கர் பட்டறையில் பாடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். தோட்டத்தில் ஏலக்காய்ப் பறிப்பு மும்முரம், வீட்டிலிருந்து யாரும் வந்து பார்க்கவில்லை. நானும் போகவில்லை. பட்டறையில் இடம் அடைத்துக்கொண்டிருந்த துருத் தகடுகளை உதவிக்கு இருந்த ஆள் எடைக்குப் போட்டுவிட்டார். இடது மட்கார்டின் மிச்சம், கேபின் தரையின் விளிம்புகள், கதவுக்குக் கீழே வரும் படி, தொட்டியின் பின்கதவு. டிங்கர் சேட்டன் அன்று ஊரில் இல்லை. அந்த ஆள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை; குப்பை என்று நினைத்தார். குப்பை மாதிரிதான் இருந்தது.

மட்கப்போன தகட்டுக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். புதுத் தகடு வெட்ட அதுதான் அச்சு. எங்கே மடிப்பு, எத்தனை பாகை, போல்ட் துளைக்கும் துளைக்கும் எவ்வளவு இடைவெளி, எல்லாம் அந்தத் துருவில்தான் எழுதியிருந்தது. நாங்கள் அளவு எடுத்திருந்தது எஞ்சின் சாமானுக்கு மட்டும். பாடியைப் படம்கூட ஒழுங்காக எடுக்கவில்லை. பேரனின் போனில் நான்கு படம், நான்கிலும் தாத்தா வண்டி முன்னால் நிற்கிறார்.

செய்தி கிடைத்து நான் போவதற்குள் ஐந்து நாள். முதல் காயலாங்கடையில் பாதி ஏற்கெனவே லாரியில் போய்விட்டது. ஆனால் எடைமேடைக்குப் பீப்பாய் உருட்டி ஏற்ற ஒரு தடித்த தகட்டைச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். குப்புறக் கிடந்தது. புரட்டினால் ‘வில்லீஸ்’. தொட்டியின் பின்கதவு. தகடு கனமாக இருந்ததால் கடைக்காரர் உடைக்காமல் வைத்துக்கொண்டாராம். எடை விலைக்கு மேல் இருநூறு கொடுத்து, பதிலுக்கு வேறொரு பலகையும் வாங்கிக் கொடுத்து மீட்டோம். கேபின் விளிம்பில் ஒரு பக்கத் துண்டு கிடைத்தது. மட்கார்டும் படியும் போனது போனதுதான்.

தகடு வேலை

இங்கே வண்டியின் வரலாறு கை கொடுத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு வில்லீஸ் இந்த வரிசை வண்டிகளைக் கொண்டுவந்தபோது அந்தக் கம்பெனிக்குச் சொந்தமாக பாடி அடிக்கும் ஆலை இல்லை. வீட்டு உபயோகச் சாமான்களுக்குத் தகடு அடித்துக்கொடுக்கும் ஆலைகளை வைத்துத்தான் செய்ய வேண்டியிருந்தது. அந்த அச்சு இயந்திரங்களால் ஆழமாகக் குழிக்க முடியாது. வடிவமைத்த புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் அதற்கு ஏற்றபடி தட்டையான பக்கங்களும் ஆழமில்லாத மடிப்புகளுமாகவே வரைந்தார். அதனால்தான் மட்கார்டின் மேற்புறம் மேஜை மாதிரி இருக்கிறது. அன்றைக்கு அவர்களுக்கு இருந்த இல்லாமை, எழுபது ஆண்டு கழித்து குமுளியில் ஒரு டிங்கருக்கு லாபமாயிற்று. உருண்டு திரண்ட மற்ற அமெரிக்க வண்டிகளின் மட்கார்டு என்றால் கையால் அடிப்பது வேறு கதை.

வலது மட்கார்டின் மேல் பழுப்புக் காகிதத்தை ஒட்டி, விளிம்புகளைக் கரியால் தேய்த்து, வெட்டி, புரட்டிப்போட்டால் இடதுக்கு அச்சு. சேட்டன் முதலில் தகர டின்னில் ஒரு மாதிரி செய்து சேஸிஸில் வைத்துப் பார்த்தார். இரண்டு துளை அரை அங்குலம் தள்ளி இருந்தது. இடது பக்கம் பேட்டரித் தாங்கிக்காக அந்த வேறுபாடு என்பது பிறகு புரிந்தது. டின் மாதிரி செய்யாமல் நேரே 18 கேஜ் தகட்டில் வெட்டியிருந்தால் ஒரு ஷீட் வீண். மீட்டு வந்த கேபின் விளிம்பிலிருந்து தரை முழுதும் எடுத்தார். படிக்கு மட்டும் எந்த ஆதாரமும் இல்லை. பெரியவரைக் கூட்டிவந்து, காலை எங்கே வைத்து ஏறினீர்கள் என்று கேட்டு, அந்த உயரத்தில் போட்டோம். சரியான முறை இல்லைதான். ஆனால் அவர் முப்பத்தேழு வருஷம் ஏறி இறங்கிய படி.

முன் கண்ணாடி இரண்டும் வளைவில்லாத தட்டைத் துண்டு. தேனியில் லேமினேட்டட் ஷீட்டில் அளவு கொடுத்து வெட்டி வாங்கினோம். கடைக்காரர் முதலில் டஃபன்டு கண்ணாடி என்றார். பதப்படுத்திய பிறகு அதை வெட்ட முடியாது, உடைந்தால் மொத்தமாகப் பொடியாகும், முன் கண்ணாடிக்கு ஆகாது என்று மறுத்தோம். கண்ணாடியைச் சுற்றிப் போடும் ரப்பர் பீடிங் கரூரிலிருந்து. பஸ் பாடி கட்டும் ஊரில் பீடிங்குக்குப் பஞ்சமே இல்லை. பழைய பீடிங்கில் இரண்டு அங்குலம் வெட்டிக் கொண்டுபோய், குறுக்கு வெட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எடுத்தேன். கதவுப் பூட்டும் கண்ணாடியை ஏற்றி இறக்கும் உறுப்பும் மட்டும் எங்கும் பொருந்தவில்லை. அவற்றை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தோம். கூரியரும் சுங்கமும் சேர்ந்து சாமான் விலையைத் தாண்டியது. மொத்த வேலையில் கடல் தாண்டி வந்தது அந்த ஒரு பெட்டிதான்.

எஞ்சின்

ஆறு வாரம் ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி வைத்தார் மேஸ்திரி. தினமும் காலையில் ஒரு தடவை மெதுவாக அசைத்துப் பார்ப்பார். அவசரப்பட்டு அடித்திருந்தால் பிஸ்டனோடு பிளாக்கும் போயிருக்கும். ஒரு நாள் கால் சுற்று திரும்பியது.

பிரித்தபோது உதவிப் பையன், “மேஸ்திரி, மூடியைத் திறந்தா நாலு வால்வுதான் இருக்கு, மீதி நாலு எங்க?” என்றான். இந்த எஞ்சினில் காற்று உள்ளே வரும் வால்வு மேலே ஹெட்டில். புகை போகும் வால்வு கீழே பிளாக்கில். பக்கவாட்டு மூடியைத் திறந்துதான் பார்க்க வேண்டும். டேப்பட் இடைவெளியும் இரண்டுக்கும் ஒன்றல்ல, குளிர்ந்த நிலையில் உள்வால்வுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் 18 பங்கு, வெளிவால்வுக்கு 16.

பிளாக்கின் சிலிண்டர்களை ஏற்கெனவே நாற்பது சைஸுக்கு, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு பெரிதாக, போர் செய்திருந்தார்கள். நீர் தங்கி மூன்றாவது சிலிண்டரில் குழி விழுந்திருந்தது. இன்னும் பெரிதாக்கினால் சுவர் மெலியும். நான்கிலும் ஸ்லீவ் என்ற உட்குழல் இறக்கி மூல அளவான 3 1/8 அங்குலத்துக்குக் கொண்டுவந்து ஸ்டாண்டர்டு பிஸ்டன் போட்டோம். பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட், வாட்டர் பம்ப், எல்லாம் மஹிந்திரா ஜீப்புக்கானது. கொஞ்சமும் இழுபறி இல்லை. பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரமும் குழாய்களும் மட்டும் பழைய சரக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதில் ஊறிப் பிசுபிசுக்கும். எத்தனால் தாங்கும் ரப்பரில் வாங்கினோம்.

மின்சாரம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூலத்தில் 6 வோல்ட். 6 வோல்ட் பேட்டரிக்கும் பல்புக்கும் ஒவ்வொரு முறையும் அலைய வேண்டாம் என்று 12 வோல்ட்டுக்கு மாற்றி, டைனமோ, காயில், பல்பு எல்லாம் ஜீப்பினுடையதைப் போட்டோம்.

பிரேக்

மலைவண்டியில் இதற்குத்தான் அதிக நாள் கொடுக்க வேண்டும், கொடுத்தோம்.

பழைய ஷூக்கள் இருந்தன. காயலாங்கடைக்குப் போகாமல் அவை தப்பியது, மேஸ்திரி டப்பாவில் போட்டுப் பூட்டி வைத்ததால். லைனிங் தேய்ந்தாலும் இரும்பு நன்றாக இருந்தது. போடியில் லைனிங் அடிப்பவரிடம் கொடுத்து ரிவெட் போட்டு வாங்கினோம். சிலிண்டர்களின் உட்சுவர் துருவால் குழிந்திருந்தது. லேத்தில் கடைந்து பித்தளை ஸ்லீவ் போட்டு, மூல விட்டத்துக்கே கொண்டுவந்து, அந்த விட்டத்துக்கு ரப்பர் கப் வாங்கினோம்.

டிரம் நான்கில் மூன்று கடைசல் பிடித்துச் சரியானது. விட்டத்தில் அங்குலத்தின் ஆயிரத்தில் 60 பங்குக்கு மேல் கடையக் கூடாது என்ற கணக்குக்குள் மூன்றும் நின்றன. நான்காவதில் முடிபோல் ஒரு விரிசல். கோயம்புத்தூரில் பேட்டர்ன் செய்து வார்த்துவிடலாம் என்று யோசனை வந்தது. அந்த ஊர் பவுண்டரிகளுக்கு அது பெரிய வேலை இல்லை. மேஸ்திரியும் நானும் ஒத்துக்கொள்ளவில்லை. தொட்டிக் கதவின் கீலை வார்க்கலாம். குமுளி மலைப்பாதையில் இறங்கும் வண்டிக்கு, ஒரே ஒரு டிரம்மைச் சோதிக்காத வார்ப்பில் செய்வது வேறு விஷயம். பேரனுக்கு இதில் வருத்தம், இரண்டு மாதம் தள்ளிப்போகிறதே என்று.

அந்த இரண்டு மாதத்தில் ஓட்டுநர்கள் வழியாகச் சொல்லிவிட்டேன். ஜீப் ஓட்டுபவர்கள் போகாத எஸ்டேட் இல்லை. பெயர் சொன்னால் மறுபடி ஜீப் டிரம்மாக வரும் என்பதால் இந்தத் தடவை 11 அங்குல அளவுக்கு ஒரு கம்பி வளையம் செய்து மூன்று பேரிடம் கொடுத்தேன். வண்டிப்பெரியாறு தாண்டி ஒரு தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டி இழுக்கும் டிரெய்லரில் வளையம் பொருந்தியது. பழைய பிக்கப் ஒன்றின் ஆக்சிலை அடியில் வைத்துக் கட்டிய டிரெய்லர். உரிமையாளர் பணம் வேண்டாம், டிரெய்லர் ஓடினால் போதும் என்றார். அவருக்கு வேறொரு ஆக்சிலும் இரண்டு டயரும் மாட்டிக்கொடுத்து, அந்த ஆக்சிலை முழுதாக எடுத்து வந்தோம். இரண்டு டிரம், முறிந்த போல்ட்டுகளுக்குப் பதில் இடமரை போல்ட்டுகள், பேரிங் கடையில் கிடைக்காத அந்த ஒரு பேரிங், எல்லாம் அதில் வந்தது.

அதன் பிறகு

வேலை தொடங்கி 14ஆவது மாதம் எஞ்சின் ஓடியது. பெரியவர் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, சோக் அதிகமாக இழுத்திருக்கிறாய் என்று மட்டும் மேஸ்திரியைத் திட்டினார்.

பிரேக் சோதனைக்குத் தேவையான அனுமதியோடு, குமுளியிலிருந்து லோயர் கேம்ப் வரை இறக்கினோம். பின்னால் என் ஜீப். மின் நிலையத்துக்கு இறங்கும் பெரிய குழாய்கள் தெரிகிற வளைவில் நிறுத்தி நான்கு டிரம்மிலும் கை வைத்துப் பார்த்தோம். பின் வலது மட்டும் மற்றதைவிடச் சூடு. ஷூவைச் சரிசெய்து மறுபடி ஏறி இறங்கியதில் சமமாயிற்று. எஞ்சின் பின்புற சீலிலிருந்து எண்ணெய் சொட்டுகிறது. இந்த எஞ்சினுக்கு அது பழைய வியாதி, அடியில் ஒரு தட்டு வைத்திருக்கிறார்கள்.

பழைய ஆர்.சி. புத்தகமும் சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஒத்திருந்ததால் பெயர் மாற்றம் பெரிய சிக்கலில்லாமல் முடிந்தது. பழம்பெரும் வாகனப் பதிவுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். 12 வோல்ட் மாற்றம் மூல வடிவத்தைக் கெடுத்ததா என்ற கேள்வி வந்தால் காட்ட, கழற்றிய 6 வோல்ட் சாமான்களைப் பெட்டி கட்டி வைத்திருக்கிறோம்.

மறுபடி செய்தால்

பாடியைத் தொடுவதற்கு முன்பே பழுப்புக் காகிதமும் கரியும் எடுத்துக்கொண்டு போவேன். துருப்பிடித்ததற்குத்தான் முதலில் அச்சு எடுக்க வேண்டும். நல்லது எங்கேயும் போகாது. கழற்றிய எதுவும் வண்டி சாலையில் இறங்கும் வரை பட்டறையை விட்டு வெளியேறக் கூடாது என்று டிங்கரிடமும், முக்கியமாக அவரிடம் வேலை பார்ப்பவர்களிடமும், முதல் நாளே சொல்லுவேன். அந்த உதவியாளிடம் ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. அவர் மேல் கோபப்பட்டதற்கு இப்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஓட்டுநர்களிடம் இரண்டு மாதம் முன்பே வளையம் கொடுத்திருப்பேன். அமெரிக்கச் சாமானைக் கணினியில் தேடிய நேரத்தில் பாதி, நாற்பது கிலோமீட்டருக்குள் இருந்ததைத் தேடாமல் விட்ட நேரம். டீசலா பெட்ரோலா என்பதை வண்டி பட்டறைக்கு வருவதற்கு முன்பே வீட்டில் பேசி முடிக்கச் சொல்லுவேன்.

இன்னும் கிடைக்காதது டேஷ்போர்டு டப்பாவின் மூடி. ஏலப்பாறைப் பக்கம் ஒரு கொட்டகையில் இதே மாதிரி வண்டி நிற்கிறது, அதில் இருக்கிறது என்று ஒரு ஓட்டுநர் சொன்னார். மழை விட்டதும் போக வேண்டும். திறப்பின் அளவைக் காகிதத்தில் வெட்டி, பழைய கீல் ஒன்றையும் சேர்த்துக் கடை மேஜையில் வைத்திருக்கிறேன்.